உதவி: குசினிக்குள் கரப்பொத்தான், ஸ்பிரே அடித்தும் போகவில்லை

பனங்கூடல்:
வணக்கம். குசினி முழுக்கக் கரப்பொத்தான். இரண்டு போத்தல் ஸ்பிரே முடிந்தது. அடித்த அன்று செத்துக் கிடக்கும், நாலு நாளில் திரும்ப வரும். இப்போது சாமி அறைக்குள்ளும் வந்துவிட்டது. நல்ல மருந்து ஒன்று சொல்லுங்கள். அவசரம், சனிக்கிழமை மகளுக்குப் பிறந்தநாள்.

குளக்கட்டு:
எந்த ஊர்? பெரிசா, சின்னனா? என்ன நிறம்?

முறிகண்டிக் கச்சான்:
கல்வீடா, தகரக் கொட்டிலா? கக்கூஸ் குழி குசினியிலிருந்து எவ்வளவு தூரம்? இது தெரியாமல் யார் என்ன சொல்வது?

பாலைப்பழம்:
தம்பி, மருந்தே வேண்டாம். பிரியாணி இலையை நொறுக்கி அலுமாரிக்குள் போடுங்கள். மூலைகளில் கற்பூரம். எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

முறிகண்டிக் கச்சான்:
அக்கா, முதல் இருந்ததா?

பாலைப்பழம்:
இல்லை. அதைத்தானே சொல்கிறேன்.

வரம்பு:
வயலுக்கு அடிக்கிற மருந்தில் ஒரு மூடி, ஒரு வாளி தண்ணீரில் கலந்து மூலைமுடுக்கெல்லாம் அடியுங்கள். அடுத்த நாள் கூட்டி அள்ளலாம்.

குளக்கட்டு:
வரம்பு அண்ணை, அது சமைக்கிற இடம். பிள்ளையும் இருக்கிற வீடு. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

பனங்கூடல்:
தருமபுரம். வீட்டுத்திட்ட வீடு. சின்னன், மண்ணிறம். பெரிய கரப்பொத்தானின் குஞ்சுகள் என்று நினைக்கிறேன்.

நாற்காலி வாத்தி:
இந்தக் குஞ்சுக் கதையை நான் எத்தனை தடவை திருத்துவது? குஞ்சுக்குச் செட்டை இராது. செட்டை இருந்தால் அது வளர்ந்தது, அவ்வளவுதான். சின்னதாய் இருப்பது அதன் சாதி. இப்படிப் பாருங்கள். ஒன்றரை அங்குலம், சிவந்த மண்ணிறம், தலைக்குப் பின்னால் மஞ்சள் விளிம்பு என்றால் அமெரிக்கக் கரப்பான். கான், குழி, விறகுக் குவியல் அதன் இடம். புழுக்கமான இரவில் பறந்தும் வரும். அரை அங்குலம், வெளிர் மண்ணிறம், தலைக்குப் பின்னால் நீளவாக்கில் இரண்டு கறுப்புக் கோடு என்றால் ஜெர்மன் கரப்பான். அது முற்றத்திலிருந்து வராது. யாரோ வீட்டுக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். குழியைப் பற்றிக் கேட்டவர் இதையும் கேட்டிருக்கலாம்.

முறிகண்டிக் கச்சான்:
நன்றி வாத்தி. வந்ததும் குட்டு.

பனங்கூடல்:
இரண்டு கோடு இருக்கிறது. செட்டையும் இருக்கிறது. ஜெர்மனி என்றால், போன மாதம் மாமா அங்கிருந்து வந்தவர். பெட்டி இங்கேதான் இருந்தது.

வரம்பு:
பார்த்தீர்களா. சொக்கிலேட்டோடு வந்திறங்கிவிட்டது.

சுண்டிக்குளத்தான்:
மாமாவை விடுங்கள். நானும் ஜெர்மனியில்தான் இருக்கிறேன், இங்கே எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை. 1767இல் லின்னேயஸ் என்ற சுவீடன் விஞ்ஞானி வைத்த பெயர் அது, அதற்காக நாங்கள் பழி சுமக்க முடியாது. ரஷ்யர்கள் இதைப் பிரஷ்யாக்காரன், அதாவது பழைய ஜெர்மன்காரன் என்பார்கள், ஜெர்மன்காரர் சிலர் ரஷ்யன் என்பார்கள். ஆளாளுக்குப் பக்கத்து வீட்டான் பெயர்.

நாற்காலி வாத்தி:
அதோடு 2024இல் வந்த மரபணு ஆய்வின்படி இது சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா, மியன்மார் பக்கத்து ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்தது. அமெரிக்கக் கரப்பானின் பூர்வீகமும் ஆப்பிரிக்கா.

வரம்பு:
அப்ப எங்கட பக்கத்துப் பூச்சிதான் ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறது.

சுண்டிக்குளத்தான்:
எப்படியோ மாமா தப்பினார்.

பாலைப்பழம்:
பாவம், பிள்ளையின் பிறந்தநாளை மறந்துவிட்டீர்கள்.

குளக்கட்டு:
பனங்கூடல், மாமாவின் பெட்டியை விட, பழைய சாமான் ஏதும் வாங்கினீர்களா? பிரிஜ், மைக்ரோவேவ், மட்டைப் பெட்டிகள்?

பனங்கூடல்:
பிரிஜ் வாங்கினேன். இரண்டு மாதம். வவுனியாவில் ஒரு கடையில், பாவித்தது. இதையும் சொல்ல வேண்டுமா?

முறிகண்டிக் கச்சான்:
😂 இதைத்தானய்யா முதலில் சொல்ல வேண்டும்.

குளக்கட்டு:
மோட்டார்ச் சூடும் தட்டில் நிற்கிற தண்ணீரும் அதற்குச் சொர்க்கம். நான் பட்டு அறிந்ததைச் சொல்கிறேன். பிளக்கைக் கழற்றிவிட்டு பிரிஜ்ஜை முன்னுக்கு இழுத்து, பின்பக்கத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள். கதவு றப்பர் மடிப்பு, கீழ்த்தட்டு, லாச்சி ஓரம் எல்லாம் பாருங்கள். மிளகுத்தூள் மாதிரிக் கறுப்புப் புள்ளி கிடந்தால் அங்கேதான் கூடு. ஸ்பிரேயை நிறுத்துங்கள். அடிக்க அடிக்கச் சிதறி மற்ற அறைகளுக்குப் போகும், சாமி அறைக்கு அப்படித்தான் போயிருக்கும். ஊசிக் குழாயில் வருகிற கரப்பொத்தான் மருந்து ஜெல் வாங்கி, நெல்மணி அளவில் நிறைய இடங்களில் வையுங்கள். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே பட்டால் அதைத் தின்னாது. இரவில் சிங்க்கைத் துடைத்து உலர விடுங்கள், சோற்றுப் பானையையும் குப்பை வாளியையும் மூடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு மாதம் பிடித்தது, சனிக்கிழமைக்குள் முடியாது.

பாலைப்பழம்:
போரிக் தூளும் சீனியும் கலந்து வைக்கலாமே?

நாற்காலி வாத்தி:
வைக்கலாம், பிள்ளை கை படாத இடத்தில், மெல்லிய படையாக, ஈரமில்லாமல். மலைபோல் குவித்தால் சுற்றிப் போய்விடும். சீனிதான் சந்தேகம். ஜெர்மன் கரப்பான்களில் குளுக்கோஸைக் கண்டாலே விலகுகிற வர்க்கம் உண்டு. ஒரு ஜெல்லைத் தொடவில்லையென்றால் வேறு மாற்றிப் பாருங்கள். பெண் பூச்சி முட்டைக்கூட்டைப் பொரிக்கும் மட்டும் பின்னால் காவித் திரியும், ஒன்றுக்குள் 30, 40 முட்டை. அதனால் முதல் வாரத்துக் குறைவைப் பார்த்து ஏமாறாதீர்கள். குளக்கட்டு சொன்னது ஏறக்குறைய சரி.

குளக்கட்டு:
ஏறக்குறைய.

பனங்கூடல்:
பின் மூடியைக் கழற்றினேன். அம்மாடி. இரவு இரண்டு மணி வரை கூட்டி அள்ளி, ஜெல் வைத்தோம். இன்று ஒன்பதாம் நாள், மிகக் குறைவு. பிறந்தநாளை முற்றத்தில் வைத்தோம். பெரிய உதவி, எல்லாருக்கும் நன்றி.

முறிகண்டிக் கச்சான்:
கடைக்காரனிடம் சொன்னீர்களா?

பாலைப்பழம்:
தம்பி, சாமி அறை எப்படி?

நாற்காலி வாத்தி:
மூன்றாம் வாரம் ஜெல்லைப் புதுப்பியுங்கள்.

முறிகண்டிக் கச்சான்:
ஆளைக் காணவில்லை.