அல்லெண் வேறு, செல்லா எண் வேறு

அண்ணே, நீங்கள் அனுப்பிய கணினிக் கலைச்சொல் பட்டியலில் இரண்டு வெவ்வேறு சரக்குக்கு "தவறான எண்" என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் சரி, இதை மட்டும் விடமாட்டேன்.

முதல் சரக்கு, 0-ஐ 0-ஆல் வகுத்தால் வருவது, ஆங்கிலத்தில் NaN (Not a Number). அதில் தவறு ஒன்றுமில்லை. கணினியில் புள்ளி எண்களை எழுதும் முறையை வகுக்கும் ஐஇஇஇ 754 தரமே அதற்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறது, கணினியின் செயலியும் அதை வாங்கிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போகும். சிலர் "எண்ணிலி" என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் "எண்ணிலடங்காதது" என்றுதான் படுகிறது, அது முடிவிலிப் பக்கம் போய்விடும். இல்லை வேறு, அல்ல வேறு. இது எண் அல்லாதது. அல் + திணை அஃறிணை ஆனதுபோல, அல் + எண் "அல்லெண்" ஆகட்டும். சத்தமில்லாமல் கணக்கோடு போவது அமைதி அல்லெண், கணக்கில் சேர்த்ததும் விதிவிலக்கு ("இங்கே சிக்கல்" என்று செயலி தரும் அறிவிப்பு) எழுப்புவது கூவும் அல்லெண்.

இரண்டாவதுதான் வில்லங்கம். இன்டெல்லின் 80 பிட் புள்ளி எண் வடிவத்தில் கூட்டல்-கழித்தல் குறிக்கு 1 பிட், 2-இன் அடுக்குக்கு 15, மிச்சம் 64 எண்ணின் இலக்கங்களுக்கு. புள்ளிக்கு முன்னால் வரும் அந்த 1, 32 பிட்டிலும் 64 பிட்டிலும் எழுதப்படாமல் மறைந்திருக்கும், இதில் மட்டும் வெளிப்படையாக உட்கார்ந்திருக்கும். அடுக்கு பூச்சியமாக இல்லாமல், அந்த பிட் மட்டும் 0 ஆக இருந்தால்? இன்டெல்லின் பழைய கணக்குச் சில்லுகளான 8087, 80287 இரண்டும் அதை ஏற்றுக்கொண்டன. 80387 முதல் ஏற்பதில்லை. அதிலும் பாருங்கள், நினைவகத்திலிருந்து எஃப்எல்டி கட்டளையால் ஏற்றும்போது வாயே திறக்காது, கூட்டப் போனால்தான் கத்தும்.

மொரிசியஸின் ரோஸ்ஹில்லில் உட்கார்ந்து நான் எழுதும் போன்மியில் (அசல் சில்லைப்போல நடந்துகொள்ளும் நிரல், emulator) இரண்டு ராத்திரி போனது இதனால்தான். அல்லெண்ணுக்கும் அடுக்கு பிட்கள் எல்லாம் 1தான், அதனால் அடுக்கில் எல்லாம் 1 என்று பார்த்ததும் என் நிரல் அதை அல்லெண் கூடையில் போட்டுவிட்டது. மதிப்பு எந்த வகை என்று சொல்லும் எஃப்எக்ஸ்ஏஎம் கட்டளைக்கு அசல் சில்லு 000 (ஏற்காத வடிவம்) என்று சொல்ல, என்னுடையது 001 (அல்லெண்) என்றது. சின்ன விஷயம் என்று விடாதீர்கள், லினக்ஸின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சியில் (glibc) இப்படிப்பட்ட மதிப்பை அச்சிடப் போய் அடுக்ககம் (stack, நிரலின் தற்காலிக நினைவகம்) வழிந்த பாதுகாப்பு ஓட்டை 2020இல் பதிவாகியிருக்கிறது.

இதற்கு "செல்லா எண்" என்பேன். செல்லாக்காசு தெரியாதவர் யார்? எங்கள் மொரிசியஸ் ரூபாய் நோட்டில் தமிழும் உண்டு. 1998இல் தமிழ் இருந்த வரிசையை மாற்றி அச்சடித்து, இங்கே தமிழர்கள் கொதித்ததில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று 1999இல் புதிது விட்டார்கள். தாள் நல்ல தாள், அச்சும் நல்ல அச்சு. ஒருகாலத்தில் வாங்கியவன் பிறகு வாங்க மாட்டேன் என்கிறான், அவ்வளவுதான். 80387 செய்ததும் அதுவே. "தவறான" என்ற சொல்லில் இந்தக் கதை வராது.

—

தம்பி, டர்பனிலிருந்து அக்கா. அல்லெண்ணுக்கு என் ஓட்டு. செல்லா எண்ணில் ஒரு இடறல் இருக்கிறது: அது எண்ணே இல்லையே, பிட் அடுக்கிய விதம்தானே செல்லாதது? அப்புறம், 0-ஐ 0-ஆல் வகுக்கும்போது எழும் விதிவிலக்கை "செல்லாச் செயல்" என்று யாராவது மொழிபெயர்த்தால் மறுபடி குழப்பம்தான்.

—

அக்கா, பிடித்துவிட்டீர்கள். "செல்லாக் குறியாக்கம்" என்று மாற்றிக்கொள்கிறேன், க் விட்டுப்போகாமல். விதிவிலக்குக்குத் "தகாச் செயல்" வைப்போம். 0 இரண்டும் நல்ல எண்கள், செய்த காரியம்தான் தகாதது. அண்ணே, உங்களுக்குச் சம்மதமானால் இன்று ராத்திரியே நிரலில் உள்ள செய்திகளை மாற்றிவிடுகிறேன். முடிவிலிபோலவும் அல்லெண்போலவும் தோன்றும் செல்லாக் குறியாக்கங்களான பொய் முடிவிலி, பொய் அல்லெண் என்ற உட்பிரிவுகளைத் தொடவில்லை, அவை இருக்கிறபடியே இருக்கட்டும்.