‘போஹீமியன் ராப்சடி’யைக் குயின் குழுவினர் மேடையில் முழுமையாகப் பாடியிருக்கிறார்களா?

கேள்வி: பசுமலைக் கிடார்

அனைவருக்கும் வணக்கம். மதுரைக் கல்லூரி ஒன்றில் படிக்கும் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு நடத்தி வருகிறோம். வரவிருக்கும் ஆண்டு விழாவுக்குப் பிரிட்டிஷ் ராக் குழுவான குயினின் ‘போஹீமியன் ராப்சடி’யை எடுத்துக்கொண்டிருக்கிறோம். தொடக்கத்துப் பியானோ பகுதியும் கிடார் தனியும் பின்னால் வரும் வேகமான ராக் பகுதியும் ஓரளவு கைவந்துவிட்டன. நடுவில், ஓபரா பாணியில் பல குரல்கள் மாறி மாறி வந்து மோதும் அந்த ஒரு நிமிடம்தான் எங்களுக்குப் பிடிபடவே இல்லை. அதை மட்டும் பதிவிலிருந்து ஒலிக்க விடலாம் என்கிறார் எங்கள் டிரம்மர். கோயில் திருவிழாக்களில் விடிய விடியப் பாடிய மெல்லிசைக் குழுக்களைக் கேட்டு வளர்ந்த ஊரில் அப்படிச் செய்வது ஏமாற்று வேலை என்கிறார் பாடுபவர். அந்தக் குழுவினரே இதை மேடையில் எப்படிக் கையாண்டார்கள் என்பதையும், பாட்டு வெளியான வரலாற்றையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: திருநகர் இசைத்தட்டு

தம்பிக்கு வணக்கம். முதன்மைப் பாடகர் ஃபிரெடி மெர்குரி இருந்த காலத்தில் குயின் குழு அந்த ஓபரா பகுதியை மேடையில் பாடியதில்லை. அதற்கான காரணம் ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. 1975 ஆகஸ்டில் வேல்ஸ் நாட்டின் ராக்ஃபீல்டு ஸ்டுடியோவில் பதிவு தொடங்கியது. 24 ஒலிகளைத் தனித்தனி வரிசைகளாக (டிராக்) பதியக்கூடிய அந்தக் காலத்து நாடாவில் மெர்குரி, கிடார் வாசித்த பிரையன் மே, டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர் ஆகிய மூவரும் தங்கள் குரல்களையே ஒன்றின்மேல் ஒன்றாகத் திரும்பத் திரும்பப் பதிந்தார்கள். இடம் போதாதபோது பல டிராக்குகளைக் கலந்து ஒன்றாக்கி, காலியான இடத்தில் மேலும் பாடினார்கள். ஏறத்தாழ 180 முறை இப்படிப் பதிந்ததாகவும், நாடா பதிவுக் கருவியில் ஓடியோடித் தேய்ந்து வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் நிலைக்கு வந்ததாகவும் சொல்வார்கள். கூட்டமாகக் கேட்கும் அந்தக் குரல்கள் மூன்றே பேருடையவை. பேஸ் கிடார் வாசித்த ஜான் டீக்கன் அதில் பாடவில்லை.

இசைத்தட்டு 1975 அக்டோபர் 31 அன்று இங்கிலாந்தில் வெளியானது. 5 நிமிடம் 55 விநாடி ஓடும் பாட்டை எந்த வானொலியும் ஒலிபரப்பாது என்று பலர் தடுத்தும், ஒரு விநாடியைக்கூட வெட்டக் குழுவினர் சம்மதிக்கவில்லை. அவர்கள் அப்படி உறுதியாக நின்றதை நான் பெரிதும் மதிக்கிறேன். வெளியீட்டுக்கு முன்பே ஒரு பிரதியைப் பெற்ற லண்டன் கேப்பிடல் ரேடியோவின் அறிவிப்பாளர் கென்னி எவரெட், ஒரே வார இறுதியில் அதை 14 முறை ஒலிபரப்பினார். மறுநாளே கடைகளில் ஆட்கள் வந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நவம்பர் கடைசியில் இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த பாட்டு ஒன்பது வாரம் அங்கேயே இருந்தது. அமெரிக்காவில் 1976-ல் ஒன்பதாம் இடம் வரை சென்றது.

புகழ்பெற்ற அந்த வீடியோவும் மேடைச் சிக்கலோடு தொடர்புடையதுதான். நவம்பர் 14 அன்று லிவர்பூலில் சுற்றுப்பயணம் தொடங்கவிருந்தது. தொலைக்காட்சி நிலையத்துக்குப் போய்ப் பாடுவது போல வாயசைக்க நேரமும் இல்லை. இந்தப் பாட்டுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. எனவே நவம்பர் 10 அன்று எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில், புரூஸ் கவர்ஸ் இயக்கத்தில், சில மணி நேரத்திலேயே படம் பிடித்துவிட்டார்கள்.

அந்தச் சுற்றுப்பயணத்தில் பாட்டை அவர்கள் முழுதாக வாசிக்கவில்லை. 1975 டிசம்பர் 24 அன்று லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் நடந்து பிபிசியில் ஒளிபரப்பான நிகழ்ச்சியைக் கேட்டுப் பாருங்கள். முதல் பகுதியிலிருந்து நேராக வேறொரு பாட்டுக்குத் தாவி, கடைசியில் திரும்பி வந்து முடிப்பார்கள். பின்வந்த ஆண்டுகளில்தான் நாடாவைப் பயன்படுத்தும் வழக்கம் நிலைபெற்றது. ஓபரா பகுதி வந்ததும் விளக்குகள் மாறும், நால்வரும் மேடையை விட்டு இறங்கிவிடுவார்கள், காலி மேடையில் பதிவு மட்டும் ஒலிக்கும், ராக் பகுதி வெடிக்கும் கணத்தில் மறுபடி வந்து நிற்பார்கள். 1979-ல் வந்த ‘லைவ் கில்லர்ஸ்’ இசைத்தட்டில் இதைக் கேட்கலாம். பாடாத இடத்தில் பாடுவதாக அவர்கள் நடிக்கவில்லை என்பதால், இதை ஏமாற்று என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

பதில்: ஆரப்பாளையம் ஆர்மோனியம்

ஐயா சொன்னவற்றோடு பிற்கால வரலாற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்டு நிகழ்ச்சியில் மெர்குரி பியானோவில் அமர்ந்து முதல் பகுதியை மட்டும் பாடிவிட்டு, ஓபராவின் பக்கமே போகாமல் அடுத்த பாட்டுக்கு எழுந்துவிட்டார். 1991 நவம்பர் 24 அன்று அவர் மறைந்த பிறகு, டிசம்பரில் மறுவெளியீடு கண்ட இதே பதிவு இங்கிலாந்தில் மீண்டும் முதலிடம் பிடித்து ஐந்து வாரம் நின்றது. அந்த வருமானம் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் டெரன்ஸ் ஹிக்கின்ஸ் அறக்கட்டளைக்குப் போனது. 1992 ஏப்ரல் 20 அன்று வெம்பிளியில் நடந்த நினைவு நிகழ்ச்சியில் பாடகர் எல்டன் ஜான் முதல் பகுதியைப் பாடினார், ராக் பகுதிக்கு இன்னொரு பாடகரான ஆக்ஸல் ரோஸ் ஓடி வந்தார். அன்றும் நடுப்பகுதி பதிவிலிருந்துதான் ஒலித்தது. மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் பள்ளியில் படித்து, அங்கேயே முதன்முதலாக ஒரு குழுவில் பியானோ வாசித்த பையனான மெர்குரியின் பாட்டு இது என்பதை உங்கள் விழா மேடையில் யாராவது அறிவித்தால் நன்றாக இருக்கும்.

பசுமலைக் கிடார்

ஐயா இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் பாடகர் சமாதானமாகிவிட்டார், நாங்களும் மேடையை விட்டு இறங்கிவிடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். ஆனால் பதிவு முடியும் இடத்தில் டிரம்ஸும் கிடாரும் ஒன்றாக விழுவதில்லை; ரிகர்சலில் ஒவ்வொரு முறையும் ஒருவர் முந்திவிடுகிறோம். இதற்கு என்ன வழி?

பதில்: மேலூர் கீபோர்டு

தம்பி, மெல்லிசை மேடைகளில் பதிவை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசித்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஓபரா பகுதி, ரோஜர் டெய்லரின் உச்சக் குரல் நீண்டு நிற்பதோடு முடிகிறது. அந்த நீட்டலைக் காதால் அளந்து உள்ளே நுழைய முயன்றால் முந்தவோ பிந்தவோதான் செய்வீர்கள். பதிவை ஒரு பக்கச் சேனலிலும், தாளத்தை எண்ணிக் காட்டும் ‘டிக் டிக்’ எனும் கிளிக் ஒலியை மறுபக்கச் சேனலிலும் வைத்து, கிளிக்கை டிரம்மரின் காதுக்கு மட்டும் அனுப்புங்கள். ராக் பகுதி 12/8 தாளத்தில், அதாவது ஒரு சுற்றுக்கு மூன்று மூன்றாக நான்கு தொகுதி என்ற நடையில், ஓடுவதால், நுழைவதற்கு முந்தைய ஒரு முழுச் சுற்றை அதே நடையில் கிளிக்காகப் பதிந்து வையுங்கள். மற்றவர்கள் பதிவைக் கவனிக்க வேண்டாம், டிரம்மரின் கையைப் பார்த்து இறங்கினால் போதும். மிக்ஸரில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, கிளிக் வரும் சேனலை ஸ்பீக்கருக்குப் போகாமல் அடைத்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அரங்கம் முழுக்க டிக் டிக் என்று கேட்கும்.