மிதிவண்டிக்கும் காருக்கும் ஒரே சாலை போதுமா?

கேள்வி:
பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. அந்தப் பிள்ளைகள் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பேருந்துகளுக்கும் கார்களுக்கும் இடையே புகுந்து செல்வதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. ஒரே சாலை போதுமா, தனிப்பாதை கேட்க வேண்டுமா?

பதில் 1:
இதை வேகமே முடிவு செய்ய வேண்டும். வேகம் இரட்டிப்பானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கார்கள் போகாதபடி பார்த்துக்கொண்டால், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதிகளில் மிதிவண்டியும் காரும் சேர்ந்தே செல்லலாம். ஆனால், நாகர்கோவில் செல்லும் நான்குவழிச் சாலையில் வெறும் வெள்ளைக் கோட்டைப் போட்டுவிட்டு அதை மிதிவண்டிப் பாதை என்பது உயிரோடு விளையாடுவதாகும். அங்கே தடுப்புடன் கூடிய பாதைதான் வேண்டும்.

பதில் 2:
முந்தைய கருத்தை ஏற்கிறேன். போக்குவரத்தைப் பிரிப்பது நமக்குப் புதிதும் அன்று. திருநெல்வேலி சந்திப்புப் பகுதியில் உள்ள திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலம் 1973 முதல் நிற்கிறது. எனினும், தனிப்பாதை அமைத்தாலும் அது முடியும் இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. நேராகச் செல்லும் மிதிவண்டியை, இடப்புறம் திரும்பும் கார் ஓட்டுநர் கவனிப்பதில்லை. ஆகவே முதல் செலவை முச்சந்திகளில் செய்ய வேண்டும். பாதையில் கார்களை நிறுத்த விட்டால் அந்தச் செலவும் வீண்.

பதில் 3:
பூக்கூடையுடன் விடியற்காலையில் சந்தைக்கு மிதிப்பவருக்கு வேறு வண்டி கிடையாது. பாதுகாப்பின் பெயரால் அவரைச் சாலையிலிருந்து விலக்குவது அநியாயம். பாதை வரும்வரை, கார் ஓட்டுவோர் அவரை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடட்டும். கதவைத் திறக்குமுன் பின்னால் திரும்பிப் பார்க்கட்டும்.