யாக்கோபுக்கு ஏன் தூதன் வரவில்லை?

கேள்வி (எஸ்தர் டீச்சர்):

ஓய்வுநாள் பள்ளியில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். போன வாரம் அப்போஸ்தலர் 12, ஏரோது ராஜா சிறையில் போட்ட பேதுருவைத் தூதன் வந்து விடுவித்த கதை. இரண்டு சங்கிலி, 16 சேவகர்கள், தானாகத் திறந்த இரும்புக் கதவு, பேதுருவின் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடின ரோதை என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒரு பையன், "டீச்சர், ரெண்டாம் வசனத்துல யாக்கோபைக் கொன்னுட்டாங்களே, அவருக்கு ஏன் தூதன் வரல?" என்றான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டேன். நாளைக்கு அந்த அடுத்த வாரம்.

"யோவானுடைய சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினால் கொலைசெய்தான்." ஐந்தே சொல்! மறுரூப மலைக்கும் கெத்செமனேக்கும் இயேசு கூட்டிப்போன மூவரில் ஒருவர் இவர். கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானுக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. போதாததற்கு 17ஆம் வசனத்தில், யாக்கோபுக்கு இதை அறிவியுங்கள் என்று பேதுரு சொல்கிறார். செத்தவருக்கா?

பதில் 1:

கடைசிக் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். அது வேறு யாக்கோபு. கர்த்தருடைய சகோதரர், எருசலேம் சபையின் தலைவர். கி.பி. 62இல் பிரதான ஆசாரியன் அனானு அவரைக் கல்லெறிந்து கொல்லக் கொடுத்ததை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு (ஜோசிபஸ்) எழுதியிருக்கிறார். இயேசுவின் சீடர் பன்னிருவரில் அல்பேயுவின் குமாரன் என்று இன்னொரு யாக்கோபும் உண்டு. உங்களுடையவர் செபெதேயுவின் மகன், மீனவர்.

பதில் 2 (சந்தியாகு):

எங்கள் பக்கம் இவரைச் சந்தியாகப்பர் என்போம். தாத்தா பெயரும் எனக்கு வந்த பெயரும் அதுதான். அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் டீச்சர்.

ஸ்தேவானைக் கல்லெறிந்தது கூட்டம். இவரைக் கொன்றது அரசனின் வாள். அந்த ஏரோது, பெரிய ஏரோதின் பேரன் முதலாம் அகிரிப்பா. ரோமில் வளர்ந்தவன். 41இல் ரோமப் பேரரசர் கிளவுதியு அவன் கையில் யூதேயாவையும் கொடுத்தார். ரோமாபுரியில் வளர்ந்தவன் எருசலேமில் நல்ல பெயர் வாங்க வேண்டுமே! யாக்கோபைக் கொன்றது ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று கண்டதும் பேதுருவையும் பிடித்தான். 44இல் செசரியாவில் அவனே செத்தான். ஐந்து நாள் வயிற்று வலி என்கிறார் யோசேப்பு.

பையனுக்கு மாற்கு 10ஐ வாசித்துக் காட்டுங்கள். யாக்கோபும் யோவானும் இயேசுவின் வலப்பக்கம் ஒரு இடம், இடப்பக்கம் ஒரு இடம் கேட்கிறார்கள். நான் குடிக்கும் பாத்திரத்தில் (தாம் படப்போகும் பாடுகளைச் சொல்கிறார்) குடிக்க முடியுமா என்று இயேசு கேட்டதும், யோசிக்காமல் "முடியும்" என்கிறார்கள். இடிமுழக்க மக்கள் என்று பெயர் வாங்கியவர்கள் அல்லவா! ஒருவர் பன்னிருவரில் முதல் இரத்தசாட்சி. மற்றவர் எபேசுவில் கிழவராகும்வரை இருந்தார் என்பது மரபு. ஒரே பதில், இரண்டு முடிவு. பேதுருவுக்கும் வாள் தள்ளித்தான் போனது. பேரரசன் நீரோ காலத்தில் அவரும் ரோமில் கொல்லப்பட்டார் என்பதே பழைய சாட்சி.

இன்னொன்று, இது வேதத்தில் இல்லை. யாக்கோபைக் காட்டிக்கொடுத்தவனே அவர் சாட்சியைப் பார்த்து மனம் மாறி, போகிற வழியில் மன்னிப்புக் கேட்டானாம். அவர் சற்று யோசித்து, "உனக்குச் சமாதானம்" என்று முத்தமிட்டாராம். இருவர் தலையும் ஒன்றாக விழுந்தது. பழைய சபைப் போதகர் கிளமெந்து சொன்னதாக, சபை வரலாறு எழுதிய யூசேபியு எழுதியது. அந்தச் "சற்று யோசித்து"தான் எனக்குப் பிடித்தது.

பதில் 3:

ஸ்பெயினில் கல்லறை இருக்கிறதே?

சந்தியாகு:

கொம்போஸ்தெலா. அதைக் கண்டெடுத்தது 9ஆம் நூற்றாண்டில். இடையில் எட்டு நூற்றாண்டு இடைவெளி, நாளைய வகுப்புக்கு அது வேண்டாம்.

எஸ்தர் டீச்சர்:

வகுப்பு முடிந்தது. ஏன் தூதன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது என்றே சொல்லிவிட்டு, மாற்கு 10 வாசித்தேன். பையன் வெகு நேரம் பேசவில்லை. அப்புறம் 19ஆம் வசனத்தைக் காட்டி, "அந்தக் காவல்காரங்களையும் கொன்னுட்டாங்க டீச்சர், அவங்க என்ன தப்பு செஞ்சாங்க?" என்றான். சந்தியாகு அண்ணா, அதற்கும் அடுத்த வாரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.