மறு: 'முடக்கு' போதவில்லை, 'முடக்கிவை' என்போமா?

அனைவருக்கும் வணக்கம். பயர்பாக்ஸ் உலாவி வழிகாட்டியின் சொற்பட்டியலுக்காக, துணைநிரல்களை (உலாவிக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல்களை) முடக்குவதற்கான சொற்களைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

> மென்பொருளைப் புதுப்பித்த பின்னும் இயங்காமலே இருப்பதற்கு 'நிரந்தர முடக்கம்' என்று போட்டுவிடலாம்.

ஈரோட்டு அண்ணன் சொன்ன இந்தச் சொல்லில் எனக்குத் தயக்கம் இருக்குதுங்க. நிரந்தரம் என்றால் இனித் திரும்ப இயக்கவே முடியாது என்று படிப்பவர் பயந்துவிடுவார். இந்த வழிகாட்டியைத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கணக்கு பார்ப்பவர்களுக்காக எழுதுகிறோம். வேலைக்கு வேண்டிய துணைநிரலும் வேண்டாததும் அவர்கள் திரையில் ஒரே பட்டியலில்தான் நிற்கின்றன. பயந்தால் எதையுமே தொட மாட்டார்கள்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் சொல்லும் அங்கேயே கிடைக்கும். பயர்பாக்ஸ் ஒவ்வொரு துணைநிரலையும் ஓர் அடையாளக் குறியால் அறிகிறது. நாம் முடக்கினால், அந்தக் குறிக்கு நேராக 'பயனர் முடக்கினார்' என்று நம் அமைப்புகளைச் சேமிக்கும் சுயவிவரக் கோப்புறையில் எழுதிக்கொள்கிறது. பதிப்பு மட்டும் உயர்ந்தால் இந்தக் குறிப்பு அப்படியே நிற்கும். ஆனால் 2020-இல் பயர்பாக்ஸ் 74 வரும்வரை, வேறொரு மென்பொருள் தன் புதுப்பிப்போடு அதே துணைநிரலை வேறு குறியில் கொண்டுவந்து இறக்கினால், உலாவிக்கு அது புது ஆளாகவே தெரிந்தது. பழைய குறிப்பு அதைக் கட்டுப்படுத்தவில்லை. கோரைக்கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும்வரை மேலே எத்தனை உழவு ஓட்டினாலும் அடுத்த ஈரத்துக்குத் துளிர்ப்பது மாதிரிதான் இது.

இது புதிய தொல்லையும் அல்ல. 2009-இல் விண்டோஸ் நிரல்கள் இயங்கத் துணைநிற்கும் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 3.5 சர்வீஸ் பேக் 1, பயர்பாக்ஸுக்குள் ஒரு துணைநிரலைக் கேட்காமலே வைத்தது. அதன் நீக்கும் பொத்தான்கூடத் தொடக்கத்தில் வேலை செய்யவில்லை. 2011 நவம்பரில் வந்த பயர்பாக்ஸ் 8-இலிருந்துதான், பிற மென்பொருள்கள் இறக்கும் துணைநிரல்கள் பயனர் ஒப்புக்கொள்ளும்வரை இயங்காது என்று ஆனது.   ஆனாலும் எங்கள் அலுவலகத்தில் அப்போதெல்லாம் பிடிஎஃப் படிக்கும் மென்பொருள் ஒன்றைப் புதுப்பித்தால், உலாவியில் அதன் துணைநிரல் மறுபடி எட்டிப் பார்க்கும்.

ஆக, இப்போதைக்கு நிறுத்துவது ஒன்று, நிறுத்தியது நிறுத்தியபடியே இருக்கச் செய்வது இன்னொன்று. தமிழில் இந்த இரண்டாவதற்குத் துணைவினை தயாராக இருக்கிறது: 'வை'. மூடு, மூடிவை. கட்டு, கட்டிவை. செய்த செயலின் நிலை தொடர வேண்டும் என்பதை 'வை' தானே சொல்லிவிடுகிறது. அதனால் 'முடக்கு' என்பதோடு 'முடக்கிவை' என்று இன்னொரு பொத்தான் இருந்தால் போதும். பெயர்ச்சொல்லாக 'முடக்கிவைப்பு' என்போம்; 'ஒத்திவைப்பு' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதால் காதுக்கு அந்நியமாக இராது. 'நிலைமுடக்கம்' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் விளக்கம் சொன்னால்தான் புரியும்.

– பொள்ளாச்சியிலிருந்து

*

தம்பி, முடக்கிவைப்பு எனக்கும் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம். ஒத்திவைப்பு என்றாலே 'பிறகு பார்க்கலாம்' என்றுதான் தோன்றுகிறது. இதற்கும் அந்தச் சாயல் ஒட்டிக்கொள்ளாதா? அப்புறம், அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகி, பாலிசிக் கோப்பில் (உலாவிக்கு விதி எழுதும் கோப்பில்) ஒரு துணைநிரலைத் தடுத்துவிட்டால் பயனரால் அதை இயக்கவே முடியாது. அதையும் முடக்கிவைப்பு என்றே சொல்வீர்களா?

– தாராபுரத்திலிருந்து

*

அக்கா, தள்ளிப்போடும் சாயல் 'ஒத்தி' என்பதிலிருந்து வருவது. 'பூட்டிவை' என்றால் யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லையே.

இரண்டாவது கேள்வி சரியானதுங்க. நிர்வாகி செய்வதைத் 'தடு' என்றே தனியாக வைப்போம். முடக்கிவைத்தது யாரோ அவரே திறக்கலாம். தடுத்ததை நிர்வாகிதான் திறக்க முடியும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், கணக்கர், இல்லாத பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார்.

அண்ணனுக்கும் சம்மதம் என்றால், முடக்கு, முடக்கிவை, தடு மூன்றையும் இந்த வாரமே சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். முடக்கியது தானாக மீண்டும் இயங்குவதற்கு 'மறுதுளிர்ப்பு' என்று ஒரு சொல் மனதில் இருக்கிறது. அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

– பொள்ளாச்சியிலிருந்து