எம்டன் தெரியும், வோல்ஃப் தெரியுமா?

கடல்நேசன்:
எம்டன் 1914ல மெட்ராஸ்ல குண்டு போட்டுட்டுப் போனது நம்மூர்ல எல்லாருக்கும் தெரியும். ரெண்டு வருஷம் கழிச்சு வந்த இன்னொரு ஜெர்மன் போர்க்கப்பல் வோல்ஃப் பத்தி யாருமே பேசறதில்ல. போருக்காக மாத்துன பழைய சரக்குக் கப்பல்தான், 11 நாட் (மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர்) போனா பெரிய விஷயம். பீரங்கிய மறைச்சு வச்சு, கப்பல் இடிச்சா வெடிக்கற கடல் கண்ணி 450க்கு மேல ஏத்திக்கிட்டு, 1916 நவம்பர் 30ல ஜெர்மனியோட கீல் துறைமுகத்துல இருந்து கிளம்பி, கேப் டவுன், கொழும்பு, பம்பாய், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துன்னு வழி நெடுக போட்டுட்டு, 451 நாள் ஒரு துறைமுகத்துலயும் ஒதுங்காம வீடு திரும்புனாரு கேப்டன் நெர்கர். நிலக்கரி, சாப்பாடு எல்லாம் புடிச்ச 14 கப்பல்ல இருந்துதான். முதல் உலகப்போர்ல இத விட பெரிய கடல் பயணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

தோணிக்காரன்:
அண்ணே, எம்டனோட சேக்காதீங்க. எம்டன் சரக்குக் கப்பல நிறுத்துனா ஆளுங்கள இறக்கிட்டுதான் மூழ்கடிச்சான், கண்ணி ஆள் பாக்குமா? 1917 பிப்ரவரில கொழும்பு வாசல்ல போட்டான், 17ந்தேதி வொர்ஸ்டர்ஷயர்ங்கற பிரிட்டிஷ் கப்பல் போச்சு, 21ந்தேதி பெர்சியஸ்ங்கற இன்னொரு கப்பல் போச்சு. எங்க ஊர் தூத்துக்குடில இருந்து தோணி ஓடுன தண்ணிண்ணே அது. பம்பாய்ல போட்டது நாலு மாசம் சும்மா கிடந்து ஜூன்ல மங்கோலியாவ தூக்குச்சு, அது பயணிங்க ஏறுன கப்பல்.

கடல்நேசன்:
போர்னா அப்படித்தான் தம்பி, பிரிட்டிஷ்காரனும் கண்ணி போட்டான். ஆனா புடிச்ச கப்பல்ல இருந்த ஆளுங்கள நெர்கர் கொல்லல, கூடவே கூட்டிட்டு வந்தாரு. 1917 ஜூன்ல வைருனாங்கற சரக்குக் கப்பல புடிச்சப்ப பாருங்க, வோல்ஃப்ல வச்சிருந்த குட்டி விமானம் மேல பறந்து, எங்க பக்கம் வா இல்லன்னா குண்டு போடுவோம்னு சீட்டு எழுதிப் போட்டுச்சு, சத்தமில்லாம அவன் வந்துட்டான்.

வெண்மதி:
கூட்டிட்டு வந்தது உண்மைதான், எப்படி வச்சிருந்தாங்கன்னும் சொல்லுங்க. கடைசில 400க்கு மேல கைதிங்க அடித்தளத்துல அடைஞ்சு கிடந்தாங்க, காய்கறி பழம் இல்லாம ஸ்கர்வி, அதாவது ஈறுல ரத்தம் வர்ற சத்துக்குறை நோய் வந்துச்சு. பெலுகாங்கற கப்பலோட கேப்டனோட சின்னப் பொண்ணும் நெர்கர் புடிச்சு வச்சிருந்தவங்கள்ல ஒருத்தி.

தோணிக்காரன்:
வெண்மதி அக்கா சொன்னது சரி. கண்ணி வேலை செய்யற விதத்தையும் சொல்றேன். அடில கனமான நங்கூரம், அதுல இருந்து கம்பி, கம்பி நுனில உருண்டை, தண்ணிக்கு மேல தெரியாது. உருண்டைல கொம்பு கொம்பா இருக்கும், கொம்புக்குள்ள கண்ணாடிக் குழாய்ல ஆசிட். கப்பல் இடிச்சு குழாய் உடைஞ்சா ஆசிட் இறங்கி கரண்ட் வந்து வெடிக்கும். யார் இடிச்சாலும் அதேதான். வலை அறுந்து கடல்ல கிடந்தா அது பாட்டுக்கு மீன் புடிச்சு கொன்னுட்டே இருக்கும், கரைல நாம தூங்கிட்டு இருப்போம். அந்த மாதிரிதான் இதுவும்.
வோல்ஃப் கீலுக்குப் போய்ச் சேந்தது 1918 பிப்ரவரி 24. நியூசிலாந்துல விம்மேரா பயணிக் கப்பல் அது போட்ட கண்ணில மூழ்குனது ஜூன் 26, 26 பேர் செத்தாங்க. போட்டவருக்கு மெடல் கொடுத்து நாலு மாசம் ஆச்சு.

கடல்நேசன்:
அந்தப் பக்கம் கண்ணி இருக்குன்னு அப்ப எல்லாருக்கும் தெரியும், ஒதுங்கிப் போகச் சொல்லி விம்மேரா கேப்டனுக்கு உத்தரவும் இருந்துச்சு. எல்லாத்தையும் நெர்கர் தலைல போடாதீங்க. சட்டமும் அவர் பக்கம்தான்.

வெண்மதி:
எந்த சட்டம் சார்? வியாபாரக் கப்பல மறிக்கறதுக்கு மட்டும்னு எதிரி துறைமுகத்துக்கிட்ட கண்ணி போடக்கூடாதுன்னு 1907 ஹேக் ஒப்பந்தத்துலயே இருக்கு. அந்த ஒரு பிரிவுக்கு மட்டும் நாங்க கட்டுப்பட மாட்டோம்னு சொல்லித்தான் ஜெர்மனி கையெழுத்தே போட்டுச்சு. பிரான்ஸும் அதேதான்.

கடல்நேசன்:
அத நான் மறுக்கலம்மா, அப்படி ஒரு ஓட்டை வச்சது அரசாங்கம். நான் பேசறது கப்பல் ஓட்டுன மனுஷன பத்தி.

தோணிக்காரன்:
விம்மேராவுல போனவங்களும் மனுஷங்கதான்ணே, ஆக்லாண்ட்ல இருந்து சிட்னிக்கு டிக்கெட் எடுத்து ஏறுனவங்க.