கேட்மியம் டெல்லுரைடு டிடெக்டர்ல பீக் நகர்ந்துட்டே போகுது, உதவுங்க

வணக்கம். எங்க லேப்ல காமா கதிர் அளக்குற 1 மி.மீ தடிமன் கேட்மியம் டெல்லுரைடு டிடெக்டர், ஒரு பக்கம் இண்டியம் எலக்ட்ரோடு மறுபக்கம் பிளாட்டினம் எலக்ட்ரோடு, ஷாட்கி டைப் (கரண்ட் ஒரு திசைல மட்டும் சுலபமா போற தொடுப்பு). 500 வோல்ட் குடுத்து அமெரிசியம்-241 காமா சோர்ஸ் வச்சா 59.5 கே.இ.வி. (கதிரோட ஆற்றல் அளவு) பீக் ஊசி மாதிரி நிக்குது, டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா இடது பக்கம் நகர்ந்து கவுண்ட்டும் குறைஞ்சு கிடக்கு. நைட் பூரா ரன் போட்டா காலைல கலிப்ரேஷன் எல்லாம் வேஸ்ட். ஆம்ப்ளிஃபயர் கோளாறுன்னு கைடு சொல்றார், எனக்கென்னவோ நம்பிக்கை வரல. மதியத்துக்கு மேல ஏசி வேற ஓடாது.

பதில் (பழைய லேப் ஆள்):
முதல்ல ப்ரீஆம்ப் (டிடெக்டர் சிக்னலை முதல்ல பெருக்குற சர்க்யூட்) டெஸ்ட் இன்புட்ல பல்சர் (ஒரே அளவுல செயற்கை சிக்னல் தர்ற கருவி) குடுங்க தம்பி. பல்சர் பீக்கும் சேர்ந்து நகர்ந்தா கைடு சொன்னது சரி. அது நின்னு சோர்ஸ் பீக் மட்டும் நகர்ந்தா டிடெக்டர்தான்.

கேட்டவர்:
பார்த்துட்டேண்ணே, பல்சர் ஒரு சேனல் கூட அசையல. சோர்ஸ் பிளாட்டினம் பக்கம் இருக்கு.

பதில் (பழைய லேப் ஆள்):
அப்போ போலரைசேஷன்தான். பயாஸ் (நீங்க குடுக்குற 500 வோல்ட்) போட்டதும் படிகத்துல எலக்ட்ரானைப் பிடிச்சுக்கிற ஆழமான அக்செப்டர்கள் மெதுவா அயனி ஆகி உள்ள நெகட்டிவ் சார்ஜ் சேரும், ஃபீல்டு எல்லாம் இண்டியம் பக்கமா ஒதுங்கிடும், பிளாட்டினம் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா சிக்னல் தராத செத்த லேயர் ஆயிடும். 60 கே.இ.வி. காமா பெரும்பாலும் முதல் அரை மில்லிமீட்டர்லயே நின்னுடுது, அதுவும் நீங்க அந்தப் பக்கமாவே அடிக்கிறீங்க, அதான் இவ்ளோ பளிச்சுனு தெரியுது. சூடு ஏற ஏற சீக்கிரம் வரும், உங்க ஏசி கதை அதுக்கு எண்ணெய் ஊத்துது.
நைட் ரன்னை துண்டு துண்டா வெட்டி நடுவுல ஒரு நிமிஷம் பயாஸ ஜீரோ பண்ணுங்க, பழைய நிலைமைக்கு வந்துடும். முடிஞ்சா பெல்டியர் (கரண்ட்ல குளிர்ற தகடு) வச்சு குளிர வைங்க, ஆனா காஞ்ச நைட்ரஜன் ஓட விடாம பண்ணா மேல தண்ணி பூத்து லீக்கேஜ் கரண்ட் எகிறும்.

இன்னொருத்தர்:
பேசாம தாலியம் புரோமைடு டிடெக்டருக்கு மாறிடலாமே?

பதில் (பழைய லேப் ஆள்):
அய்யோ, அங்க அயனிகளே நகர்ந்து எலக்ட்ரோட தின்னும். தாலியம் எலக்ட்ரோட், நடுநடுவுல பயாஸ் திசை மாத்துறதுன்னு தனி பாடு. தாலியம் விஷம் வேற.

கேட்டவர்:
அண்ணே, 20 நிமிஷத்துக்கு ஒருதடவை ஜீரோ பண்ணேன், ராத்திரி பூரா பீக் ஒரே இடம்! கைடு ஒண்ணும் சொல்லல, சிரிச்சிட்டு போயிட்டார்.

பதில் (பழைய லேப் ஆள்):
சந்தோஷம். ஒவ்வொரு தடவையும் 500 வோல்ட்ட டக்குனு தட்டாதீங்க, மெதுவா ஏத்தி இறக்குங்க, இல்லேன்னா ப்ரீஆம்ப் உள்ள இருக்குற எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர் போயிடும். அப்புறம் ஆம்ப்ளிஃபயர்னு கைடு சொன்னது நிஜமாயிடும்.